ஓமந்தைக்கு வடக்கே ஒரு பென்சில் கோடு

ஆவணி. பலாலியிலிருந்து ஏழு மணிக்கு ஏறினோம்,
நானும், நீர்ப்பாசனத் திணைக்களத்து நிமலரூபனும்,
அவருடைய கமராவும், ஒரு இடியப்பப் பார்சலும்.
குளக்கட்டுகளைப் படமெடுக்க வேண்டும்.
பட்டியலில் பதினொன்று. கடைசிக் குளம்
வவுனியா விமானப்படைத் தளத்தின் வட்டத்துக்குள்.

வட்டத்தை ஊதா மையில் அச்சடித்திருக்கிறார்கள்.
அதற்கு வெளியே, இரண்டு கடல்மைல் தள்ளி,
முதல்நாள் இரவு நானே ஒரு கோடு கீறினேன்.
ஊதா அவர்களுடையது. பென்சில் என் பயத்தினுடையது.
இதைத் தொட்டால் திரும்ப வேண்டும்.
அதைத் தொட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

"வான் உடைஞ்சு கிடக்கு, பாருங்கோ"
என்றார், கனகராயன்குளத்துக்கு மேலே.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் சொன்னது குளத்து வானை,
மாரியில் மிஞ்சிய தண்ணி வழிகிற கல்லணையை.
நான் பார்த்த வானில் உடைய ஒன்றுமில்லை.
கட்டில்லை, துருசில்லை,
கேட்டுவிட்டு வா என்று ஒரு பலகைகூட இல்லை.

பிழை மெல்லத்தான் வந்தது.
ஒவ்வொரு குளத்துக்கும் அவருக்காக மூன்று சுற்று.
சோளகம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கிழக்கே தள்ளிற்று.
டப்லெட் வெயிலில் கொதித்துக் கறுத்துப் போனது.
மடியில் தாள். தாளில் குளமெல்லாம் நீலம்.
கீழே நீலம் எங்கே?
வெடித்த சேறு, மேய்கிற மாடுகள்,
அலைகரையில் உழவு மெசின் போன தடம்.
ஆவணியில் வன்னிக் குளம் ஒவ்வொன்றும்
பக்கத்துக் குளத்தின் அடையாள அட்டையை நீட்டுகிறது.

"இது புளியங்குளம்தானே?"
கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"இருக்கும்."

இருக்கும்.
இந்தச் சொல்லில் ஏறித்தான்
சின்ன விமானங்கள் வட்டத்துக்குள் போகின்றன.
துணிந்து போனவர் ஒருவரை நான் அறியேன்.

தண்டவாளத்தைத் தேடிப் பிடித்தேன்.
ஒரு ஸ்டேஷன் கூரை.
நான் நினைத்த பக்கத்தில் இல்லை அது.
ஓமந்தை.
பென்சில் கோட்டின் மேலே நிற்கிறோம்.
நிற்பதா, மணிக்குத் தொண்ணூறு மைலில்!

வலப்பக்கம் சரித்து வடக்கே திருப்பினேன்.
பார்சல் உருண்டு அவர் காலடிக்குப் போனது.
"ஏன்?"
"கோடு."
அவர் கண்ணாடியில் நெற்றி முட்டக் கீழே பார்த்தார். கனநேரம்.
"இஞ்சதான் செக்பொயின்ற் இருந்தது.
ரோச் பற்றரி நாலு கொண்டுபோனன், பறிச்சுப்போட்டாங்கள்.
அப்ப கோடு தெரிஞ்சது.
கயிறு கட்டியிருந்தது."
பிறகு குனிந்து பார்சலை எடுத்து அவிழ்த்தார்.
எஞ்சின் மணத்துக்கு மேலாகச் சம்பல் மணத்தது.

வானொலியில் கேட்டேன்:
யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன வேண்டும்.
ஒரு பெண்குரல் என் அழைப்பெழுத்தைத் திருப்பிச் சொல்லிற்று.
"பொறுத்திரு."

பொறுத்திரு என்றால் வா அல்ல.
பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வா அல்ல.
ஆகவே சுற்றினேன், பேர் தெரியாத ஒரு குளத்துக்கு மேலே,
நாலு சுற்று, ஆறு சுற்று.
கட்டில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான்.
எட்டாவது சுற்றில் அவனும் அலுத்துப் போய்விட்டான்.
ஒன்பதில் எரிபொருள் முள் தன் கோட்டைத் தொட்டது.
அந்தக் கோடும் நான் கீறியதுதான்.

மாங்குளம் தாண்டும்போது அனுமதி வந்தது.
உயரம், திசை, எல்லாம் துப்புரவாக.
நிமலரூபன் என்னைப் பார்த்தார்.
நான் முள்ளைப் பார்த்தேன்.
"இயலாது, நன்றி. திரும்பிப் போகிறோம்."

பதினோராவதற்கு எதிரே அவர் எழுதினார்,
விமானத்தின் நடுக்கம் எழுத்தெல்லாம் ஏற:
வான் பார்க்கப்படவில்லை.
பிறகு, காது அடைக்குது என்றார்.